கேட்காமல் விட்ட கேள்வியும் குற்றம்தான்

மைசூரில் தசரா தொடங்கிய மறுநாள், 2025 செப்டம்பர் 23 அன்று, கொச்சி சுங்கத்துறையின் தடுப்புப் பிரிவு கேரளம் முழுக்கச் சோதனையில் இறங்கியது. 'ஆபரேஷன் நும்கோர்' என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் முதல் நாளே 36 வண்டிகள் பிடிபட்டன. லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர், நிசான் பேட்ரோல் என்று மலையும் சேறும் ஏறக்கூடிய பெரிய வண்டிகள். பூட்டானில் ஓடிப் பழசாகி ஏலத்துக்கு வந்தவற்றை மலிவாக எடுத்து, சுங்கம் கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்து, இமாசலப் பிரதேசம், அருணாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பொய்க் காகிதம் காட்டிப் பதிவு செய்து, தெற்கே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்திய ராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் பெயரில்கூடப் போலி ஆவணங்கள் தயாராயின என்றார்கள் அதிகாரிகள். கேரளத்தில் மட்டும் 150 முதல் 200 வண்டிகள் வரை இப்படி ஓடக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. அக்டோபர் 8 அன்று அமலாக்கத் துறை கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாக 17 இடங்களில் சோதனை நடத்தியது. இந்தக் கும்பலின் இருப்பிடமாக அந்தத் துறை சொன்ன ஊர் கோவை.

கோவை மைசூருக்குத் தொலைவில்லை. சத்தியமங்கலத்தில் மலை ஏறி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சாமராஜநகர் வழியாக வந்தால் அரை நாள் பயணம். குண்டல்பேட்டையைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்தால் அடுத்து கேரளம். மேற்கே உன்சூர் தொடங்கிக் குடகு வரை தோட்டங்களும் மேட்டு நிலங்களும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புக்கும், பின்னால் மூட்டை ஏற்றும் பிக்கப்புக்கும் இந்த வட்டாரத்தில் எப்போதும் கிராக்கி உண்டு. வெளிமாநில நம்பரோடு வந்த வண்டி கே.ஏ. 09 என்றோ கே.ஏ. 55 என்றோ மாறி ஓடத் தொடங்கிவிட்டால், அது முதலில் எந்த நாட்டுச் சாலையில் ஓடியது என்று எதிரே வருபவருக்குத் தெரியப்போவதில்லை.

ஆகவே கொச்சியில் எழுந்த கேள்வி, மைசூரில் பழைய வண்டி வாங்கப் போகிற ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. விலை குறைவு, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, அரசாங்க இணையதளத்தில் நம்பரைத் தட்டினால் விவரம் வருகிறது. இதற்கு மேல் ஏன் துருவ வேண்டும்? துருவத்தான் வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. துருவாமல் வாங்கியவர் தன்னை ஏமாந்தவர் என்று சொல்லிக்கொள்ள உரிமையில்லை. துருவியும் ஏமாந்தவரைக் கைவிட அரசுக்கு உரிமையில்லை.

சட்டத்தில் குழப்பம் ஏதும் இல்லை. வெளிநாட்டில் ஒருமுறை பதிவான வண்டி இந்தியாவுக்குள் விற்பனைக்கு வர வேண்டுமானால், அது தயாராகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இன்னும் ஐந்து ஆண்டாவது சாலையில் ஓடும் தகுதி வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறங்க வேண்டும். அதற்கான வரியோ வண்டியின் மதிப்பையே தாண்டும். வெளிநாட்டில் வாழ்ந்து நாடு திரும்புவோர் போன்ற சிலருக்குத் தனி விதிகள் உண்டு. வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. பூட்டானோடு நமக்கு 1972 முதலே வணிக ஒப்பந்தம் இருக்கிறதே என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்த ஒப்பந்தம் இரு நாடுகளிலும் விளைகிற, தயாராகிற பொருள்களுக்கானது. ஜப்பானிலும் தாய்லாந்திலும் தயாரான வண்டி, பூட்டானில் சில ஆண்டு ஓடியதால் பூட்டான் சரக்கு ஆகிவிடாது. பூட்டானின் எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கில் புறப்பட்டு, இந்தியப் பக்கத்து ஜெய்காவ் வழியாகச் சாலையில் உருண்டு வந்த பழைய பிக்கப்பை இங்கே சட்டப்படி விற்க வழியே இல்லை.

வெளிநாட்டில் ஓடிய பழைய வண்டியை வாங்குவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. இலங்கையில் அது அன்றாட வழக்கம். ஜப்பானில் ஓடிய வண்டிகள் முறையாகக் கப்பலில் வந்து, சுங்கம் கட்டி, அங்குள்ள தமிழர் வீடுகளிலும் தோட்டங்களிலும் ஓடுகின்றன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய அந்நாடு, 2025 பிப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. பூட்டானும் 2022 ஆகஸ்டில் இதே காரணத்துக்காக வாகன இறக்குமதிக்குத் தடை போட்டது. தன் மக்கள் எதை, எப்போது, எந்த வரி கட்டி வாங்கலாம் என்று ஒவ்வொரு நாடும் தன் கையிருப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த முடிவை மறைவில் மீறுவதுதான் தவறு. கைகுலுக்கிக் கடக்கும் அளவுக்கு நம்பிக்கையோடு திறந்து வைத்திருக்கும் ஓர் எல்லையை அதற்குப் பயன்படுத்துவது தவறுக்குமேல் தவறு. நாளை அந்த எல்லையில் கெடுபிடி கூடினால், அவதிப்படப் போகிறவர்கள் தினமும் கடந்துபோய்க் கூலி வேலை செய்கிறவர்களும் காய்கறி விற்கிறவர்களும்தான்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய வண்டி விற்கும் யார்டு ஒன்றில் டொயோட்டா ஹைலக்ஸ் நிற்கிறது. 2012 மாடல். புதிதாகப் பெயின்ட் அடித்து, டயர் மாற்றி, முன்னால் கம்பி கட்டியிருக்கிறார்கள். "ஆர்மி ஏலத்துல எடுத்தது சார். இமாசல் நம்பர். என்.ஓ.சி. ரெடியா இருக்கு. நம்ம நம்பர் நானே மாத்திக் குடுத்துடுறேன், நீங்க ஆபீஸ் பக்கம் வரவே வேண்டாம்" என்கிறார் புரோக்கர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஹைலக்ஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே 2022இல்தான். அப்படியானால் 2012 மாடல் இந்த யார்டுக்கு எந்த வழியாக வந்தது? வேறு எதையும் பார்க்க வேண்டாம். இந்த ஒரு கேள்வி போதும்.

இன்னும் ஒரு படி குனிந்து சேசிஸ் நம்பரைப் பார்க்கலாம். மைசூரிலிருந்து பெங்களூரு போகும் வழியில் பிடதியில்தான் டொயோட்டாவின் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தயாராகும் வண்டியின் சேசிஸ் நம்பர் எம்.பி.ஜே. என்று தொடங்கும். ஜப்பானில் தயாரான டொயோட்டா ஜே.டி. என்று தொடங்கும், தாய்லாந்தில் தயாரானது எம்.ஆர். என்று தொடங்கும். முதல் இரண்டு மூன்று எழுத்துகளே பிறந்த ஊரைச் சொல்லிவிடும். வெளிநாட்டில் தயாரானதாக இருந்தால், அது இந்தியாவில் இறங்கியபோது சுங்கத்துறையில் தாக்கலான பில் ஆஃப் என்ட்ரி எங்கே என்று கேட்க வேண்டும். அதில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ராணுவ ஏலம் என்றால் ஏலத் தாள், பணம் கட்டிய ரசீது, ஒப்படைப்புக் கடிதம் எங்கே? முதலில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்க முடியுமா? வண்டி தயாரான ஆண்டுக்கும் முதல் பதிவு ஆண்டுக்கும் நடுவே விளக்கமில்லாத இடைவெளி ஏதும் இருக்கிறதா? இவற்றைக் கேட்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மகளுக்கு வரன் பார்க்கும்போது நான்கு பேரிடம் விசாரிக்கிற குடும்பம், பல லட்ச ரூபாய் கொடுத்து வண்டி வாங்கும்போது இவ்வளவாவது விசாரிக்கலாம்.

ஏன் விசாரிப்பதில்லை? விசாரித்தால் விலை கைநழுவிவிடும் என்ற பயம்தான் காரணம். புதிய ஹைலக்ஸ் 2022இல் வந்தபோதே ஷோரூமில் தொடக்க விலை 34 லட்சத்தை ஒட்டியிருந்தது. அதில் ஒரு பங்கு விலைக்கு அதே பெயருள்ள வண்டி கிடைக்கிறது என்றால், மிச்சமான பணம் யாருடையது என்று வாங்குபவரின் மனசாட்சிக்குத் தெரியும். அரசுக்குச் சேர வேண்டிய வரியும், முறையாகத் தயாரித்து விற்பவருக்குச் சேர வேண்டிய விலையும் அவர் பைக்குள்ளேயே தங்குகின்றன. தெரிந்து வாங்கியவர் திருட்டில் பங்காளி. தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் அந்தப் பங்கில் பாதியைச் சுமக்கிறார். 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு. ஆனால் தெரிந்துகொள்ள முயன்றவர் வாயிலிருந்து வந்தால் மட்டுமே உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு எழுகிறது. வரி அநியாயம், அதனால்தான் மக்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள் என்கிறார்கள். வரி கடுமையானது என்பது உண்மை. இறக்குமதி வரியை விட்டாலும், கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி மட்டும் 18 விழுக்காடு. அதன்மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், எழுதலாம், வழக்குப் போடலாம். கேட்டால் குறைவதும் உண்டு: சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது 2025 செப்டம்பர் 22 அன்று, கொச்சிச் சோதனைக்கு முந்தைய நாள். வரிச்சுமை உண்மையில் யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நஞ்சன்கூட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் விவசாயி தவணைக்கு ஒரு பொலேரோ பிக்கப் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்டுகிறார், சாலை வரி கட்டுகிறார், இன்சூரன்ஸ் கட்டுகிறார், தகுதிச் சான்றுக்கு நாள் முழுக்க வரிசையில் நிற்கிறார். அவரால் இமாசலத்தில் முகவரி காட்ட முடியாது. தூதரகத்தின் பெயரில் கடிதம் வாங்கவும் முடியாது. குறுக்கு வழி வசதியுள்ளவனுக்கு மட்டுமே திறக்கிறது. அவன் கட்டாமல் விட்டதையும் சேர்த்துக் கட்டுகிறவர் அந்த விவசாயி. ஆகவே இதை அநியாய வரிக்கு எதிரான கலகம் என்று அழைப்பதை நாம் ஏற்க மாட்டோம். பிறர் முதுகில் ஏறிச் செய்யும் சவாரி இது.

பழைய வண்டியின் வயதுக்கு வரம்பு வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் புதிய வண்டிகள் பி.எஸ். 6 தரத்துக்கு உட்பட வேண்டும். நம் தொழிற்சாலைகள் அதற்காகப் பெரும்பணம் செலவிட்டன. வாங்குகிற நாமும் விலையில் அதைச் சுமந்தோம். வேறு நாட்டில் கழித்துவிட்ட டீசல் வண்டியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து ஓட்டுபவர், அந்தச் செலவு அனைத்தையும் வீணாக்கிப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் புகையை ஊதுகிறார். விபத்து நடந்தால் நிலைமை இன்னும் மோசம். பொய் ஆவணத்தின் மேல் வாங்கிய பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிவே பொய் என்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கப் பார்க்கும். அடிபட்டுக் கிடப்பவரின் குடும்பம் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டிவரும். வண்டி யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற வழக்கில் அந்தக் குடும்பம் செய்த குற்றம் என்ன?

வாங்குபவர்மேல் இவ்வளவு சொன்ன பிறகு, அவரைவிடப் பெரிய குற்றவாளிகளைச் சுட்டிச் சொல்லாமல் விட்டால் இந்தத் தலையங்கம் கோழைத்தனமாகிவிடும். திட்டம் போட்டு வண்டி கடத்தியவரும் போலிக் கடிதம் தயாரித்தவரும் முதல் குற்றவாளிகள். அவர்களுக்குச் சமமாக நாம் வைப்பது, அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு முத்திரை குத்திய பதிவு அலுவலரை. வண்டியை நேரில் பார்த்து, சேசிஸ் நம்பரைச் சரிபார்த்துப் பதிவது அவர் சம்பளம் வாங்கும் வேலை. வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில்கூடப் பொய் விவரம் ஏறியிருந்தது என்று சுங்கத்துறையே சொன்னது. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்று நாட்டு மக்கள் அனைவரும் உண்மை என்று நம்பிப் பார்க்கும் பதிவேடு அது. கள்ள வண்டி ஒரு வாங்குபவரை ஏமாற்றுகிறது. கள்ளப் பதிவோ இனி வரப்போகிற அத்தனை வாங்குபவர்களையும் அரசின் பெயரால் ஏமாற்றுகிறது. இதைச் செய்த கையை இடமாற்றத்தோடு விட்டுவிடுவது நியாயமாகாது. வேலைநீக்கமும் சிறையும்தான் அதற்குத் தகுந்த தண்டனை.

இங்கேதான் நேர்மையாக வாங்கியவரின் கதை வருகிறது. மூன்றாம் கையாகவோ நான்காம் கையாகவோ வாங்கியவர், ஆர்.சி. பார்த்தார், என்.ஓ.சி. பார்த்தார், அரசுத் தளத்தில் சரிபார்த்தார், வங்கி வழியாகப் பணம் கொடுத்தார், தன் பெயருக்கு மாற்றிக் கர்நாடகத்துக்கு ஆயுள் வரியும் கட்டினார். இவர் வீட்டு வாசலில் ஒருநாள் சுங்க அதிகாரி வந்து நிற்கிறார். முறைகேடாக இறக்குமதியான ஒரு போர்ஷே கார் வழக்கில், பின்னால் கைமாறி வாங்கியவரை இறக்குமதியாளராகக் கருதி அவரிடம் சுங்க வரி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அண்மையில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் வரி கேட்பது வேறு, வண்டியைப் பறிமுதல் செய்வது வேறு. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி, கடத்தி வந்த சரக்கு யார் கையில் இருந்தாலும் பறிமுதலுக்கு உரியது. தற்காலிகமாக வண்டியைத் திருப்பிப் பெற 110ஏ பிரிவு உண்டு. அபராதம் கட்டி மீட்க 125ஆம் பிரிவு உண்டு. கொச்சிச் சுங்கத்துறைச் சோதனையில் பிடிபட்ட தன் வண்டிக்காக நடிகர் துல்கர் சல்மான் கேரள உயர் நீதிமன்றத்தை நாடியபோது, தற்காலிக விடுவிப்புக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2025 அக்டோபர் 7 அன்று சுங்கத்துறைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆவணங்களை நம்பி நல்லெண்ணத்தில் வாங்கியதாக அவர் சொல்கிறார். அதை விசாரணை முடிவு செய்யட்டும். சோதனை நடந்த வீட்டையெல்லாம் குற்றவாளியின் வீடாகக் காட்டித் திரைப்பட முகங்களை வைத்து நாள்கணக்கில் நடத்திய தொலைக்காட்சி விசாரணையை நாம் கண்டிக்கிறோம். ஒன்றை மட்டும் கேட்கிறோம்: ஒரு நடிகரால் மூத்த வழக்கறிஞரை வைத்து உயர் நீதிமன்றம் போக முடிகிறது. மைசூர் குவெம்பு நகரில் சேமிப்பைப் போட்டு வண்டி வாங்கிய ஒரு சாதாரண ஊழியரால் எங்கே போக முடியும்?

வழக்குகள் எவ்வளவு இழுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஜெயலலிதாவின் தோழி சசிகலாவின் கணவர் எம். நடராஜன் உள்ளிட்டோர்மேல் வந்த லெக்சஸ் கார் வழக்கில், 1994இல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய புதிய காரைப் பழைய கார் என்று காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரி ஏய்த்ததாகக் குற்றச்சாட்டு. சி.பி.ஐ. நீதிமன்றம் தண்டனை விதித்தது 2010இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2017 நவம்பரில். இறக்குமதியிலிருந்து உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை 23 ஆண்டுகள். தண்டனை இவ்வளவு தாமதமாக வரும் நாட்டில், வரி ஏய்ப்பவன் அதைத் தண்டனையாகவே எண்ணமாட்டான். வரியைத் தவிர்க்கப் புதுச்சேரிப் பொய் முகவரியில் கார்களைப் பதிந்தது 2017இல் கேரளத்தில் பெரும் சர்ச்சையாக வெடித்தது. அன்றைக்கே பதிவு அலுவலகங்களைத் துப்புரவாக ஆராய்ந்திருந்தால், பூட்டான் வண்டிகள் இவ்வளவு எளிதாக நம்பர் வாங்கியிருக்க முடியாது.

ஆகவே நாம் கோருவது இவை. வெளிநாட்டில் தயாரான எந்த வண்டியின் பதிவிலும் பில் ஆஃப் என்ட்ரி எண் கட்டாயம் இடம்பெற வேண்டும். சுங்கத்துறைக் கணினியோடு ஒத்துப்போகாத பதிவைப் பரிவாகன் தளம் ஏற்கவே கூடாது. வாங்கப்போகும் பொதுமகனும் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்க முடிய வேண்டும். சந்தேகத்துக்குரிய மாநிலப் பதிவுகளிலிருந்து மைசூரு, உன்சூர், மடிக்கேரி ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கு மாறிவந்த வெளிநாட்டு வண்டிகளைக் கர்நாடகப் போக்குவரத்துத் துறை தானாகவே தணிக்கை செய்ய வேண்டும். சுங்கத்துறை கதவைத் தட்டும்வரை காத்திருக்கக் கூடாது. நேர்மையாக விசாரித்து வாங்கியதற்குச் சான்று காட்டுபவர் தானாக முன்வந்து வண்டியை ஒப்படைக்க ஒரு காலக்கெடு கொடுக்க வேண்டும். அவர் இழப்பை ஈடுகட்ட, பொய்ப் பதிவு செய்த அலுவலரிடமிருந்தும் விற்ற புரோக்கரிடமிருந்தும் பணம் வசூலிக்க வேண்டும். அரசின் முத்திரையை நம்பியவர் தண்டனை பெற்று, முத்திரை குத்தியவர் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போவது அறமே அல்ல.

வாங்கி வைத்திருப்பவருக்கும் ஒரு சொல். வண்டியின் கதையில் பொய் இருப்பது தெரிந்துவிட்டதா? அதை அடுத்தவர் தலையில் கட்டிக் கைகழுவப் பார்க்காதீர்கள். கைமாற்றிவிட்ட நொடியில் ஏமாந்தவர் என்ற நிலையிலிருந்து ஏமாற்றியவர் என்ற நிலைக்கு நீங்களே இறங்கிவிடுகிறீர்கள். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, ஆவணங்களோடு சுங்கத்துறையிடம் நீங்களே போங்கள். பண இழப்பு வலிக்கும்; ஆனால் அந்த வலி உங்களோடு முடியட்டும்.

இனிமேல் வாங்கப்போகிறவருக்கு நம் தீர்ப்பு கறாரானது. எல்லை தாண்டி வந்த மலிவு வண்டியை, எப்படி வந்தது என்று கேட்காமல் வாங்குவது களவுப் பொருளைக் காசு கொடுத்து வாங்குவதேதான். அதற்கு ஆயுத பூஜை அன்று எவ்வளவு பெரிய மாலை போட்டாலும் அது உங்கள் சொத்தாகிவிடாது. வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். காகிதத்தில் பதில் இல்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். வாங்க ஆளில்லாத நாளில் கடத்துபவனுக்கும் வேலை இருக்காது.